இரண்டாம் முறை வாசித்த பல்லவி

நேசபுரத்தில் ஒரு குருவும் ஒரு சீடனும் இருந்தார்கள். குருவுக்கு வயது இருபத்தொன்று. சீடனுக்கு முப்பத்துநாலு, அதுவும் இன்னும் ஒரு மாதம்தான்.

குருவின் பெயர் பியூலா. ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் எட்டு வருஷமாக ஆர்கன் வாசிப்பவள் அவள்தான். வயலினும் நன்றாகத் தெரியும். சீடன் ஆசீர், மினி பஸ் கண்டக்டர். "சின்னப் பிள்ளைகிட்டப் போய்க் கத்துக்கிடுதியே, வெக்கமா இல்லையால?" என்று பஸ் ஸ்டாண்டில் அவனைக் கேலி செய்தார்கள். ஆசீர் அசரவில்லை. அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டான். நீங்க, வாங்க என்றுதான் பேசினான்.

கோயில் வாலிபர் சங்கத்தில் அவன் பதினேழு வருஷமாக உறுப்பினன். வருஷத்துக்கு ஒருமுறை வாலிபர் ஞாயிறு வந்தால் பந்தல் கட்டுவான், நாற்காலி சுமப்பான், மதியப் பிரியாணிக்கு வெங்காயம் உரிப்பான். சபைக்கு முன்னால் நின்று ஒன்றுமே செய்ததில்லை. முப்பத்தைந்து வயதானால் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ஆகவே வருகிற வாலிபர் ஞாயிறுதான் அவனுக்குக் கடைசி. அன்றைக்கு ஒரே ஒரு கீர்த்தனையைத் தனியாக நின்று வயலினில் வாசித்துவிட வேண்டும். இது ஒரு பெரிய ஆசையா என்று கேட்டால், அவனுக்குப் பெரிய ஆசைதான்.

போன வருஷமும் நிகழ்ச்சித்தாளில் அவன் பெயர் இருந்தது. வயலினோடு படியேறினான். வில்லைக் கம்பியில் வைத்தான். கை உதறியது. "கம்பி அறுந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு மளமளவென்று இறங்கிவிட்டான்.

நாலு கம்பியும் நன்றாகத்தான் இருந்தன. பக்கத்தில் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த பியூலா மட்டும் அதைப் பார்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வார வகுப்பில் அவனிடமும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே அவளை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வருஷம், ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கும்போது ஆசீர் வாய் திறந்தான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அண்ணே."

"உங்களுக்கு இந்தக் கை நடுக்கம் எப்ப நின்னுச்சு?"

பியூலா வேறு ஒன்றைக் கேட்டாள்.

"காலையில உங்க பஸ் எத்தனை மணிக்கு?"

"ஏழு இருபது. ஏன்?"

"வாரேன்."

சொன்னபடி மறுநாள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ்ஸில் நல்ல கூட்டம். செம்மண் தேரிக்காட்டு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. ஆசீர் ஒரு கம்பியையும் பிடிக்காமல், கக்கத்தில் பையோடு நடுவில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் வந்ததும் பியூலா கேட்டாள்.

"அண்ணே, ஆட்டம் நின்னப்புறம் டிக்கெட் போடக் கூடாதா?"

"இந்த ரோட்டுல அது எப்ப நிக்க, நான் எப்ப போட?" என்று சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "இதைச் சொல்லத்தான் காலங்காத்தால கிளம்பி வந்தீங்களா?"

"ஆமா."

"இது வேற, டீச்சர். இங்க என்னை யாரு பாக்கா? அவங்கவங்க எறங்குற எடத்தைப் பாக்காங்க. அங்க எரநூறு பேரும் என்னைத்தான பாப்பாங்க."

பியூலா டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். குருவை மடக்கிவிட்டதில் ஆசீருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவள் ஜெயித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் வழியெல்லாம் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

நேசபுரம் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கீர்த்தனையின் பல்லவியை ஆர்கன் முதலில் ஒரு தடவை தனியாக வாசிக்கும். அதே பல்லவியை இரண்டாம் முறை எடுத்தால் சபை எழுந்து பாட வேண்டும். அறிவிப்பு கிடையாது, கைச்சாடை கிடையாது. தனி வாசிப்பு என்றால் பல்லவி ஒரே தடவைதான், நேரே அனுபல்லவிக்குப் போய்விட வேண்டும். பியூலா இதை அவனுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

பிரசங்கம் முடிந்து அவன் பெயரை வாசித்தார்கள். ஆசீர் படியேறினான். வில்லை வைத்தான். கை உதறியது. கம்பியில் வில் தத்தித் தத்திக் குதித்து, முதல் சுரம் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல வந்தது. பாடகர் பெஞ்சில் இரண்டு பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

எப்படியோ பல்லவியைக் கரை சேர்த்தான். அனுபல்லவியைத் தேடினான். அது இல்லை. ஒரு வருஷமாகத் தினமும் வாசித்தது, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கோயில் அப்படியே அமைதியாக இருந்தது. கைக்குத் தெரிந்தது பல்லவி ஒன்றுதான். மறுபடியும் அதையே எடுத்தான்.

தடதடவென்று பெஞ்சுகள் நகர்ந்தன. இருநூறு பேரும் எழுந்து நின்று, வாயாரப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆசீர் பியூலாவைத் திரும்பிப் பார்த்தான். சபை எழுந்த பழக்கத்தில் அவள் விரல்கள் ஆர்கன் கட்டைகள்மேல் போயிருந்தன. அவள் வாசித்துவிட்டால் போதும், தான் நைசாக இறங்கிவிடலாம். பியூலாவும் அவனைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பாவி மகளே, என்று மனசுக்குள் சொன்னான். குருவை அப்படிச் சொல்லக் கூடாதுதான்.

நிறுத்தினால் இருநூறு பேர் பாதிப் பாட்டில் அநாதையாக நிற்பார்கள். வேறு வழி தெரியாமல் வில்லை இழுத்தான்; சபை பாடப் பாட, மறந்த அனுபல்லவியும் விரலுக்கு வந்தது. நேசபுரத்துச் சபை ஒன்றாகப் பாடுகிற சபை இல்லை. பெண்கள் பக்கம் முந்தி ஓடும், ஆண்கள் பக்கம் ஆற அமர வரும். முந்துகிறவர்களை வில்லை அழுத்திப் பிடித்து நிறுத்தினான். முன்வரிசையில் இளைப்புக்காரர் தங்கையா ஒவ்வொரு அடிக்கும் நடுவில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார். அந்த இடத்தில் சுரத்தை நீட்டி, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தான். மூன்றாம் சரணம் பாதிப்பேருக்கு மனப்பாடம் இல்லை, குரல்கள் உள்ளே போயின. ஆசீர் சத்தத்தைக் கூட்டி அவர்களைத் தூக்கிக்கொண்டு போனான். ஐந்து சரணமும் முடிந்தது. சபை உட்கார்ந்தது.

ஆராதனை முடிந்ததும் அவன் கோயிலுக்குப் பின்னால், பிரியாணிச் சட்டிகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். பியூலா தேடி வந்தாள்.

"ஏன் டீச்சர் வாசிக்கல? நான் உங்களைப் பாத்தேனே."

"நானும் உங்களைப் பாத்தேனே."

"பதினேழு வருஷம், டீச்சர். ஒரே ஒரு தடவை தனியா வாசிக்கணும்னு ஆசைப்பட்டேன். ஊரே சேந்து பாடிட்டு. நான் வாசிச்சதை ஒருத்தர்கூடக் கேக்கல." கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆமா, ஒருத்தரும் கேக்கல" என்றாள் பியூலா.

ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்த ஆசீர் நிமிர்ந்து பார்த்தான்.

"தங்கையா பெரியப்பா வாசல்ல செருப்புப் போடும்போது என்ன சொன்னாவ தெரியுமா? இன்னைக்கு மூச்சு முட்டாம அஞ்சு சரணமும் பாடிட்டேன், எப்படின்னே தெரியலன்னாவ."

பியூலா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கேன் அண்ணே. கை நடுக்கம் எந்தச் சரணத்துல நின்னுச்சு?"

ஆசீர் யோசித்தான். பல்லவியில் நடுங்கியது, இரண்டாம் முறையும் நடுங்கியது. முதல் சரணத்தில் பெண்கள் ஓடினார்கள். இரண்டில் தங்கையாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றில் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. நாலு, ஐந்து என்று விரல் விட்டுத் தேடிப் பார்த்தான். எங்கேயும் தன் கையைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"தெரியல டீச்சர்."

"எனக்கு எட்டு வருஷமாச்சு அண்ணே," என்றாள் பியூலா. "ஒவ்வொரு ஞாயிறும் கை நடுங்கத்தான் செய்யுது. எங்க நிக்குன்னு எனக்கும் இன்னும் தெரியல."