மை விழுதா?

ஒரு ஊர்ல ஒரு 'ம்' இருந்துச்சு. சிரிக்காதே குட்டி, நிஜமாத்தான். அந்த 'ம்' ஒரு புளுகன் வாயில குடியிருந்துச்சு. அவன் வாயைத் திறந்தா சுவத்துப் பல்லி வாலை விட்டுட்டு ஓடிடும். கெளுத்தி மீன் முதுகுல ஏறிச் சந்தைக்குப் போய் வந்தேன்னு சொன்ன ஆளு. கேக்கறியா?

"ம்."

அவன் பொண்டாட்டி பேரு பூங்காவனம். அவளுக்கு முப்பது வயசுல பார்வை மங்கி மங்கி, ஒரு ஆடி மாசம் சுத்தமாப் போயிடுச்சு. அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு, "ஏங்க, ஒரு நோட்டும் பேனாவும் குடுங்க"ன்னா.

"எழுதி? அதை நீயா படிக்கப் போறே?"

"படிக்க இல்லீங்க. காதுல கேட்டது மறுநாளே ஓடிடுது. எழுதினா, கை பிடிச்சு வெச்சுக்குது."

அப்போ அந்த ஊர் ஆஸ்பத்திரியில, வர்ற போனை எடுத்து அந்தந்த வார்டுக்கு இணைச்சு விடற வேலை காலியா இருந்துச்சு. பார்வை இல்லாதவங்களுக்குன்னு ஒதுக்கின வேலை. நாற்பது இடம், நாற்பது நம்பர். பார்க்காம ஒப்பிச்சா வேலை அவளுக்கு.

மொத நாள் சும்மா எழுதிப் பழகினா. கிறுக் கிறுக்... வரி மேல வரி ஏறி, கோழி கிளறின குப்பை மாதிரி ஆயிடுச்சு. அப்போ புளுகன் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, வரி வரியா சந்து வெட்டிக் குடுத்தான். சந்துக்குள்ள எழுதினா வரி நேராப் போகும்.

ரெண்டாம் நாள் அட்டையைத் தூக்கிப் பார்த்தா, ஒரு எழுத்துக்கும் புள்ளி இல்ல. சந்து குறுகல், புள்ளியெல்லாம் அட்டை மேலேயே உக்காந்துக்கிச்சு. பூங்காவனம் 'பூஙகாவனம' ஆயிட்டா. ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. அவன் சந்தை அகலமா வெட்டினான்.

மூணாம் நாள், அந்த வேலையிலேருந்து ஓய்வு பெத்த பெரியவர், யாரையோ விட்டு எழுதி வாங்கின நம்பர் தாளைக் குடுத்தார். "சாயந்திர பஸ்ல ஊரைக் காலி பண்றேன், அதுக்குள்ள தாள் திரும்ப வேணும்"னார். புளுகன் வாசிக்க வாசிக்க அவ எழுதினா. சரக் சரக். ஒரு பக்கம் முடிஞ்சா ஒரு கேள்வி.

"மை விழுதாங்க?"

ரேடியோவில கிரிக்கெட் ஓடுது. அவன் காது அங்க. "ம்."

நாலு பக்கம், நாலு 'ம்'. தாளும் போச்சு, பெரியவரும் போயிட்டார்.

மறுநாள் அவ சொன்னா, "நான் எழுதினதைப் படிங்க. இன்னும் மூணு தரம் எழுதினாத்தான் கையில நிக்கும்." நோட்டைத் திறந்தான். பளிச்சுனு வெள்ளை. ரீஃபில் எப்பவோ தீர்ந்திருக்கு.

"என்ன பண்ணான் தாத்தா?"

படிச்சான்.

"வெள்ளைத் தாளையா?"

புளுகனுக்கு வெள்ளைத் தாள் கிடைச்சா திருவிழாவாச்சே. புதுப் பேனா ஒண்ணை அவ கையில குடுத்துட்டு, "பிரசவ வார்டு, பதினேழு"ன்னான்.

அவ கை நின்னுச்சு. "இருபத்திமூணு இல்லையா?"

"இதோ இருக்கே. உன் கையெழுத்துதான்."

"என் கையெழுத்தா? அப்ப சரி."

பதினேழு, பதினேழு, பதினேழு. மூணு தரம் எழுதினா. கை ஒழுங்காத்தான் படிச்சுது குட்டி. அதுக்குக் குடுத்த பாடம்தான் பொய். நேத்து வாசிச்ச ஞாபகம் இருக்கே, நாலஞ்சு தப்பிருந்தா யாருக்குத் தெரியும்னு அவன் நெனச்சுக்கிட்டான். தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

ஆஸ்பத்திரியில மூணு கேள்வி கேட்டாங்க. மூணும் தப்பு. கேட்டவர் சொன்னார், "பதினேழு சமையல்கட்டும்மா. பிரசவ வலின்னு போன் பண்ணா சாம்பார் வாளியோட வந்து நிப்பாங்க." அறையே சிரிச்சுது. என்னன்னு புரியாம அவளும் கூடச் சிரிச்சா. வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு.

பஸ் ஸ்டாண்டுல உக்காந்ததும் கேட்டா, "அந்த நாலு பக்கத்துல மை விழுந்துதாங்க?"

ஊரையே புளுகினவன் அன்னைக்கு "விழலை"ன்னு நிஜத்தைச் சொன்னான். அப்போ அவ அவன் கையை இழுத்து, உள்ளங்கையில விரலால 'ம' எழுதினா. அப்புறம் அது தலை மேல நகத்தால ஒரு புள்ளி. நறுக்குனு.

"திட்டலையா?"

திட்டியிருந்தா ஆறியிருக்கும். எழுதறதையும் அவ விடலை. பாட்டு, மருந்துப் பேரு, பேத்திங்க பொறந்தநாளு, எல்லாம் எழுதி எழுதித்தான் வெச்சிருக்கா. ஆனா மை விழுதான்னு அவனை மட்டும் கேக்கறதில்ல. எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வரா.

"உள்ளங்கையை ஏன் தாத்தா தேய்க்கறீங்க?"

அரிக்குது. சரக் சரக்னு உள்ள சத்தம் கேக்குதா? உங்க ஆயா எழுதறா. உன்னைக் கூப்பிட்டு "விழுதா"ன்னு கேட்டா, படுத்துக்கிட்டே 'ம்' சொல்லாதே. எழுந்து போய்ப் பார்த்துட்டுச் சொல்லு.

கதைக்குப் புள்ளி வெச்சாச்சு. தூங்கு.