தூங்கிக்கொண்டே உம் கொட்டியவர்

கொன்றையூரை ஆண்ட பூபாலசிங்க ராஜாவுக்கு நாடு இருந்தது, நகரம் இருந்தது, நல்ல பசியும் இருந்தது. இதெல்லாம் போதாதென்று கதை எழுதும் ஆசையும் வந்துவிட்டது. நமக்கு அந்த ஆசை வந்தால் வீட்டில் இருப்பவர்கள்தான் பாவம். ராஜாவுக்கு வந்தால் ஊரே உட்கார்ந்து கேட்க வேண்டாமா?

கேட்டார்கள். சபையில் மூன்று நாள் ராஜாவே தம் கதையை வாசித்தார்.

கொன்றையூர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யார் கதை படித்தாலும் எதிரில் ஒருவர் உட்கார்ந்து 'உம்' கொட்ட வேண்டும். அதற்கென்றே அரண்மனையில் ஓர் உத்தியோகம். முப்பது வருஷமாக அதைப் பார்த்து வந்தவர் சடையப்பர். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷர்.

ராஜாவின் கதை எப்படி என்கிறீர்களா? நாயகன் பிறப்பதற்கு முன் அவனுடைய பாட்டன்மார் ஏழு பேர் வரிசையாகப் பிறந்தார்கள். முதல் நாள் அதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் முழுக்க நாயகியின் நகைகள். நாயகனோ தப்பே செய்யத் தெரியாதவன். அவனும், திருடனும், மீன் விற்கிறவளும் ஒரே மாதிரி செந்தமிழ் பேசினார்கள். நாயகன் ஆபத்தில் மாட்டும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு வெள்ளை யானை வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. ஒரு தடவை இல்லை, நாலு தடவை! சபையில் எல்லோரும் "ஆஹா!" என்றார்கள். சொல்லாமல் இருக்க முடியுமா?

மூன்றாம் நாள் ராஜா பானகம் குடிக்க வாசிப்பை நிறுத்தினார். சபை நிசப்தம்.

"உம்…" என்றார் சடையப்பர்.

ராஜா நிமிர்ந்து பார்த்தார்.

"உம்… உம்…"

ஆள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் முப்பது வருஷப் பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"மூன்று நாளாக என்னை ஏமாற்றினாயா? நாளைக் காலை இவன் தலையை வெட்டுங்கள்!" என்று ராஜா கத்தினார்.

ஆஸ்தானப் புலவர் அனந்தகிரியாருக்குக் கொண்டாட்டம். "நியாயமான தீர்ப்பு! மகாராஜாவின் கதை வெறும் கதையா? இனி நாட்டில் எல்லாமே அந்தக் கதைப்படி நடக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்!" என்று பனிக்கட்டியையே ராஜா தலையில் வைத்தார். ராஜாவும் குளிர்ந்துபோய் உத்தரவு போட்டார்.

மந்திரி மாதையன் எழுந்தான். சடையப்பரை நினைத்து அவனுக்குக் கவலை. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்படியானால் இந்தத் தண்டனையும் அந்தக் கதைப்படியே நடக்கட்டும், மகாராஜா. ஏற்பாட்டை என்னிடம் விடுங்கள்."

"பேஷ்! அப்படியே செய்!"

மறுநாள் மைதானத்தில் கூட்டம். ராஜா சிம்மாசனத்தில். நடுவில் சடையப்பர், கைகள் கட்டப்பட்டு நின்றார். பக்கத்தில் வாளோடு சேவகன் கருத்தான்.

மாதையன் ஓலையைப் பிரித்தான். "சடையப்பருடைய பாட்டனுக்குப் பாட்டன் சுந்தரப்பர் ஒரு சித்திரை மாதம் பிறந்தார்…"

ஒரு நாழிகை ஆயிற்று. வெயில் ஏறியது.

"இன்னும் இவன் பிறக்கவில்லையா?" என்றார் ராஜா.

"இரண்டு பாட்டன்மார் பாக்கி, மகாராஜா."

ஒருவழியாகச் சடையப்பர் பிறந்தார். "இவர் ஒரு குற்றமும் அறியாதவர்" என்று படித்தான் மாதையன்.

"குற்றமே செய்யாதவனை ஏனய்யா வெட்டுகிறோம்?"

"நாயகனுக்குக் குறையே கூடாதே, மகாராஜா. கதைப்படி நடக்கிறேன்."

அடுத்து வாளின் வர்ணனை. பிடி, பிடியில் பதித்த கல், கல்லின் நிறம், உறை, உறையின் குஞ்சம். ராஜா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "போதும்! சீக்கிரம் வெட்டச் சொல்!"

கருத்தான் மாதையனிடம் குனிந்து, "சாமி, நீங்க சொல்லிக்கொடுத்ததை இப்போ சொல்லணுமா?" என்று கேட்டான். மாதையன் தலையாட்டினான். கருத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அந்தோ! கதிரவன் கரங்கள் தழுவும் இக்கழுத்தினை யான் எங்ஙனம்… எங்ஙனம்… சாமி, அப்புறம் என்னங்க?"

கூட்டம் சிரித்தது. "என்னடா உளறுகிறாய்? வாள் பிடிக்கிறவன் இப்படியா பேசுவான்?" என்றார் ராஜா.

கருத்தான் வாளை ஓங்கினான். சடையப்பர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளை யானை வந்தது! நேரே போய்ச் சடையப்பரைத் துதிக்கையால் வளைத்துத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டது. அரண்மனை யானைதான். மேலே இரண்டு குடம் சுண்ணாம்பு பூசியிருந்தது.

ராஜா குதித்து எழுந்தார். "நிறுத்து! சம்பந்தமே இல்லாமல் யானை எங்கிருந்து வந்தது? இதை எவன் நம்புவான்?"

மாதையன் கைகூப்பினான். "மகாராஜா, உங்கள் கதையில் அது நாலு தடவை வந்தது. சபையில் முந்நூறு பேர் விழித்திருந்தோம். ஒருத்தராவது இதைக் கேட்டோமா? பொய்யாக 'ஆஹா' சொன்ன எங்கள் தலையெல்லாம் பத்திரமாக இருக்கிறது. தூக்கம் வந்தபோது தூங்கிய ஒருத்தர் தலை மட்டும் போக வேண்டுமா?"

ராஜாவின் முகம் சிவந்தது. அனந்தகிரியார் மெல்லப் பின்னால் நகர்ந்தார். ராஜா யானையைப் பார்த்தார்; வெயிலில் சுண்ணாம்பு உதிர்ந்து பாதி கறுப்பாகிவிட்டிருந்தது. அவர் உதட்டோரம் துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சடையப்பரே, பிழைத்தீர்! இனி நான் எழுதுவதை முதலில் உமக்குத்தான் படிப்பேன். நீர் கண் அசரும் இடத்தையெல்லாம் அடித்துவிடுகிறேன்" என்றவர், தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாதையனுக்குப் போட்டார். பிறகு ஆவலோடு கேட்டார். "ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லும். கதையில் முதல் தடவை யானை வந்தபோதுதானே அலுத்துப்போய்த் தூங்கினீர்?"

யானை மேல் தொற்றிக்கொண்டிருந்த சடையப்பர் கீழே எட்டிப் பார்த்தார்.

"கதையில் யானை வருகிறதா, மகாராஜா?"