பத்தாவது சொல்லுக்கு ஒரு தலை

ஒன்பது சொற்களும் ஆளுக்கொரு தலையில் உட்கார்ந்துவிட்டன. பத்தாவது சொல் மட்டும் எப்ராயீமின் நாக்கு நுனியில் நின்றது. இறங்குவதற்குத் தலை இல்லை.

அந்த யூத ஜெப ஆலயத்தில் ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார்கள்; எண்ணினால் ஆகாது. பத்துச் சொல் கொண்ட வேத வசனம் ஒன்றைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். பத்தாவது சொல்லும் உட்கார்ந்தால்தான் இறந்தவருக்கான ஜெபம். அன்று நாகூம் இறந்து ஓராண்டு. அவருடைய மகன் ஆசேர் ஜெபம் சொல்லக் காத்திருந்தான். பொழுது சாய்ந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

“வாசலில் ஒரு தலை நிற்கிறதே,” என்றது பத்தாவது சொல்.

“எப்ராயீமின் மகன் பெனாயாவா? சின்ன வயதில் அப்பா தினமும் இழுத்துக்கொண்டு வருவார். கையில் பலம் வந்த அன்றைக்கே உதறிவிட்டுப் போனவன்,” என்றது ஒன்பதாவது. “நீ பேசாமல் தொண்டைக்குள் போய்ப் படு.”

“படுக்கமாட்டேன்.”

பத்தாவது சொல் வாசலுக்குப் போனது. அதற்கு முன்பே ஆசேர் பெனாயாவை உள்ளே அழைக்க அங்கே வந்து நின்றிருந்தான்.

“உங்கப்பா கடவுளே இல்லைன்னவர்டா. அவருக்கு எதுக்கு ஜெபம்?” என்றான் பெனாயா.

“அவர் இல்லைன்னார். நீயும் சொல்லுன்னு என்னைக் கேட்டதில்ல. இது நானா சொல்றது.”

“எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. இந்தப் படி ஏறமாட்டேன்னு சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.”

“அப்படியே உங்கப்பா குரல்,” என்றுவிட்டு ஆசேர் உள்ளே போனான்.

பெனாயா முகம் சிவக்க நின்றான். பத்தாவது சொல் அவன் காதருகே வந்தது.

“உன் தாத்தா இறந்தபோதும் இங்கே ஒரு ஆள் குறைந்தது. அப்போது நான் உட்கார்ந்தது நாகூமின் தலையில்.”

“நம்பாத தலையிலா?”

“தலையைத் தட்டிப் பார்த்துவிட்டா உட்கார முடியும்? உன் அப்பா ஜெபம் சொல்ல ஆள் குறையக்கூடாது என்று, துக்கத்தின் பதினோரு மாதமும் நாகூம் வந்து நின்றார். ஒருநாள்கூட வாய் திறக்கவில்லை. அதற்கும் உன் அப்பா அவரைத் திட்டினார்.”

“அப்பா இதைச் சொன்னதே இல்லையே.”

“நாகூமும் தன் மகனிடம் சொல்லவில்லை.”

பெனாயா தெருவை ஒருமுறை பார்த்தான். பிறகு கைக்குட்டையை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டு படியேறினான்.

“ஆசேருக்காக வந்திருக்கேன். ஜெபம் சொல்லமாட்டேன்,” என்றான், யாரையும் பார்க்காமல்.

எப்ராயீம் வசனத்தை முதலிலிருந்து தொடங்கினார். பத்தாவது சொல் கைக்குட்டைமேல் உட்கார்ந்தது. ஆசேரின் குரல் எழுந்தது.

எப்ராயீம் புத்தகத்தைப் பக்கம் பிரித்து மகனிடம் நீட்டினார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பெனாயாவின் உதடுகள் அசையவில்லை.

எப்ராயீம் திட்டவில்லை; புத்தகத்தை மூடித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.