மாற்றக்கூடிய கட்டங்கள்

“ஒரு வாரமா எக்செல் தீர்வு இல்லைன்னே சொல்லிட்டிருந்தது டீச்சர். நேத்து ஒரு விடை கொடுத்துச்சு. ஆனா எனக்கு மனசு ஒப்பல.”

கோமதிநாயகம் மடிக்கணினியைத் திறந்து வைத்தார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தென்காசிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தலைமை டெக்னீஷியன். எதிரே இருந்த ஜன்னத்துக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் மாடியில் கணினி வகுப்பு நடத்துகிறவர். இரண்டு மாதமாக அவரிடம்தான் கோமதிநாயகம் எக்செல் கற்றுக்கொள்கிறார்.

மையத்தில் நான்கு மெஷின். தினம் இரண்டு ஷிப்ட், வாரம் ஆறு நாள். ஒரு நோயாளி வாரம் மூன்று முறை வர வேண்டும். பதினாறு பேருக்குக் கச்சிதமாக இருந்தது.

பதினேழாவதாக லாரி டிரைவர் வேதமுத்து வந்தார். இரண்டு கால்களும் வீங்கியிருந்தன. இடமில்லை என்று சொல்லக் கோமதிநாயகத்துக்கு வாய் வரவில்லை.

எக்செல்லில் சால்வர் என்று ஒன்று உண்டு. எந்தெந்தக் கட்டங்களை மாற்றலாம் என்று காட்டிவிட்டால், அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து விடை தேடும். யார் எந்த நாள் வருவது என்ற கட்டங்களைத்தான் அவர் காட்டியிருந்தார். அது கையை விரித்தது. நேற்று இன்னொரு வரிசையையும் சேர்த்துக் கொடுத்தார். நொடியில் விடை வந்துவிட்டது.

ஜன்னத் திரையைப் பார்த்தார். நேற்று சேர்த்தது ‘தேவை’ வரிசை, ஒருவர் வாரம் எத்தனை முறை வர வேண்டும் என்பது. அதில் பதினான்கு பேருக்கு மூன்று. கடைசி மூவருக்கு இரண்டு.

“அந்த மூணு பேரை வாசிங்க சார்.”

“செய்யது பீவி. குருவம்மாள். வேதமுத்து.”

மூன்றாவது பெயரில் குரல் இறங்கிவிட்டது. சால்வர்தான் குறைத்தது என்று முணுமுணுத்தார். ஜன்னத் மறுக்கவில்லை. திரையில் ஒவ்வொன்றாக விரல் வைத்து, அதை மாற்றுவது தன் கையில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அவரைச் சொல்லச் சொன்னார்.

மெஷின் நான்கு. இல்லை.

ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். இல்லை, அது டாக்டர் சொல்வது.

தேவை மூன்று.

கோமதிநாயகத்தின் விரல் திரையைத் தொடாமல் நின்றது. பிறகு, யாரும் சொல்லாமலே, மாற்றக்கூடிய கட்டங்களிலிருந்து அந்த வரிசையை நீக்கினார்.

திங்கள் முதல் சனி வரை விரல் நகர்ந்தது. ஞாயிறு முழுக்கப் பூஜ்யம். அதைத் தாண்டிப் போயிற்று.

ஜன்னத் காத்திருந்தார்.

விரல் திரும்பி வந்தது.

“ஞாயிறு லீவு டீச்சர். மையம் தொடங்கின நாள்லேர்ந்து.”

“இந்தப் பதினேழு பூஜ்யத்தையும் யார் அடிச்சது?”

“நான்தான்.”

சொன்ன வேகத்தில் சமாதானமும் சொன்னார். மூன்று நர்ஸுகளுக்கும் ஓய்வு அந்த ஒரு நாள்தான். அதில் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை.

“லீவு அவங்களோடது சார். கேக்கறது யார் கையில இருக்கு?”

கோமதிநாயகம் அவரையே பார்த்தார். எக்செல் படிக்கத்தான் இந்தப் படிகளில் ஏறிவந்தோம் என்பது அவருக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.

அங்கேயே போனை எடுத்து மூத்த நர்ஸ் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மற்ற இருவரிடமும் பேசிவிட்டுக் கூப்பிடுவதாக ஸ்டெல்லா சொன்னார். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார். முறை வைத்து, ஆளுக்கொரு ஞாயிறு, காலை ஷிப்ட் மட்டும் வருவார்களாம்.

போனைக் காதில் வைத்தபடியே கோமதிநாயகம் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களையும் சேர்த்தார். மொத்தம் நான்குக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டார். பொத்தானை அழுத்தினார்.

பதினேழு பேருக்கும் மூன்று.

ஸ்டெல்லா இன்னும் போனில்தான் இருந்தார்.

“கஷ்டமா இருக்காதா சிஸ்டர்?”



“இத்தனை வருஷத்துல நீங்க எங்களை ஒரு வார்த்தை கேட்டதே இல்லையே சார்.”