பஸ் போன பிறகு

"என் பேரை எதுக்குங்க சார் சேர்த்தீங்க?"

துளசிமணி அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

சுற்றுலாத் துறைப் பேராசிரியர் தாமோதரன் நிமிர்ந்து பார்த்தார். போர்னியோ தீவுக்குப் போகும் கல்லூரிப் பயணத்துக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

"போக ஆசை இல்லையா?"

"ஆசை இருக்குதுங்க. அதனாலதான் சந்தேகமா இருக்குது."

கோத்தகிரிக்குக் கீழே ஓர் இருளர் ஊரில் பிறந்தவள். சின்ன வயதில் டூரிஸ்ட் பஸ்ஸைக் கண்டால் அதில் ஏறி எங்கேயாவது போய்விட வேண்டும் என்று துடிப்பாள். அதிலிருந்து இறங்குகிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. பாவம், ஆசையும் வெறுப்பும் ஒரே பஸ் மேல்தான்.

"உள்ளே வாம்மா. டீ குடி."

டீ என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. உட்கார்ந்தாள். தம்ளரைத் தொடவில்லை.

"அங்க என்னைப் பூ வச்சு ஆட வைக்கப் போறீங்களா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. காலேஜ் விழாவுல அப்படித்தானே ஆச்சு. டூரிசம் படிக்க வந்தேன், மேடையில ஏத்தி விட்டுட்டீங்க."

அவர் மறுக்கவில்லை.

"அன்னைக்கு நல்லா ஆடினே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அது எங்க ஆட்டமே இல்லீங்க சார். பஸ்ல வர்றவங்களுக்குன்னு வச்சிருக்கறது. சும்மா காலை மாத்தி மாத்திப் போடுவோம். அவங்க கை தட்டிப் படம் புடிப்பாங்க. பஸ் கிளம்பற வரைக்கும் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருப்போம். போனப்புறம்தான் சிரிப்போம்."

"நெஜ ஆட்டம்?"

"அது எதுக்குங்க உங்களுக்கு?"

அவர் தன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"எதுக்கும் இல்ல. வர்றியா இல்லையான்னு இன்னைக்குள்ள சொல்லிடு. இல்லேன்னா உன் இடத்தை வேற யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும். சரி, அங்க போனா உனக்கு என்ன பார்க்கணும்?"

இதற்கு அவள் யோசிக்கவே இல்லை. எத்தனையோ வருஷத்து ஆசை.

"அங்கயும் எங்களாட்டம் காட்டுக்காரங்க இருக்காங்கல்லீங்க. ஒரே கூரைக்குக் கீழ ஊரே குடியிருக்குமாம். அதுக்குள்ள போகணும். அவங்க ஆட்டத்தைப் பார்க்கணும். டிவியில காட்டறது இல்லீங்க, நெஜமானது."

"காட்டுவாங்களா?"

"எனக்குக் காட்டுவாங்க. நானும் அவங்களாட்டம் காட்டுக்காரிதானுங்களே."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? நீ பஸ்ல இருந்துதானே இறங்குவே?"

துளசிமணிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"வர்றேனுங்க சார். ஆனா ஒண்ணு."

"சொல்லு."

"அவங்க ஊர்ல இருந்து பஸ் கிளம்பறப்ப நான் மட்டும் ஏற மாட்டேன்."