பலகைக்குக் கீழே ஒரு நாத்தங்கால்

படுத்துட்டியா? காலை ஆட்டாத. ஒரு கதைதான். நடுவுல "ம்" சொல்லணும். சொல்லலன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஊரு ஒண்ணு இல்ல, ரெண்டு. மலை மேல ஒண்ணு, அடிவாரத்துல ஒண்ணு. மேலூர்ல ஆத்தை மறிச்சு ஒரு கல்லணை, அதுல தண்ணியை மூடித் தெறக்க ஒரு மரப்பலகை. பலகையைத் தூக்குறவன் சடையன். கீழூர்ல வயலுக்குத் தண்ணி கட்டுறவ சீரங்காயி. ரெண்டு ஊருக்கும் ஒரு முறை. ஆடி பதினெட்டுக்குத்தான் பலகை தூக்கணும். ஆனியில மழை தவறாம பெஞ்ச காலத்துல வச்சது.

ம்?

அப்புறம் மழை மாறிப் போச்சு. ஒரு வருஷம் ஆடி வரைக்கும் துளி இல்ல. சீரங்காயி வழக்கம்போல நாத்து விட்டா. பதினெட்டு அன்னிக்கி சடையன் பலகையைத் தூக்குனப்ப, வந்தது சேறு. நாத்து கருகிடுச்சு. மடமடன்னு மலை ஏறுனா.

"ஏண்ணே, தண்ணி எங்க?"

"தேதியில தூக்குனேன்ல? முறை முறைதான்."

எறங்கிட்டா.

மறு வருஷம் வைகாசியிலயே கொட்டுச்சு, ஒரே நாள்ல. தேதி வரலன்னு சடையன் பலகையைத் தொடல. தண்ணி அணை மேல ஏறி, தடதடன்னு எறங்கி, நாத்தங்காலை வழிச்சுக்கிட்டுப் போச்சு. மறுபடி ஏறுனா.

"ஏண்ணே, முன்னாடியே கொஞ்சம் விட்டிருக்கலாம்ல?"

"தேதி வரலயே. முறை முறைதான்."

குறுக்க கேக்காத. ஆமா, அவன் மடையன்தான். அவ மட்டும் என்ன, ரெண்டு வருஷமும் கீழ நின்னு தேதியைத்தான எண்ணுனா?

மூணாவது வருஷம். கீழூர்ல விதைநெல் மிச்சம் ஒரே கூடை. அதுவும் போனா அடுத்த நடவே கிடையாது. அவ கூடையைத் தலையில வச்சுக்கிட்டு ஏறுனா. பலகைக்குக் கீழ, சடையன் வீட்டு வாசலுக்கு எதிர்ல, மண்ணைக் கொத்தி நாத்து விட்டா.

"இங்க எதுக்கு விடுற?"

"செத்தா உன் கண்ணு முன்னாடி சாகட்டும்ணே."

ம்?

அப்போ வைகாசி மழையில அணை நெறஞ்சிருந்துது. அஞ்சாம் நாள் நாத்து மஞ்சளாச்சு. சடையன் வாசல்ல உக்காந்து பாத்தான். எந்திரிச்சான். உக்காந்தான். பலகையை ஒரு விரல் தூக்குனான். சளசளன்னு தண்ணி.

"என்னண்ணே, தேதி வந்துருச்சா?"

"வாயை மூடிட்டுத் தண்ணி கட்டு."

பத்து நாள் கழிச்சு மத்தியானமே வானம் கறுத்துது. அவ அசையாம நின்னா, ஓடுனது அவன். "நாத்து போயிரும், நாத்து போயிரும்!" பலகையை ஒரு சாண் தூக்கி, மழைக்கு முன்னாடியே அணையில பாதியைக் கொஞ்சம் கொஞ்சமா ஆத்துல விட்டான். அப்புறம் பெஞ்சுது பாரு, சோன்னு! வந்த தண்ணியை அணை வாங்கிக்கிச்சு. நாத்து பிழைச்சுது.

ஆனா தண்ணி செம்மண்ணாட்டம் கலங்கிக் கெடந்துது. ரெண்டு பேரும் மேல போய்ப் பாத்தாங்க. புல்லு மூடுன ஈரப்பள்ளம் ஒண்ணு, மழையை உறிஞ்சி வச்சுக் கோடையெல்லாம் சொட்டு சொட்டா விட்ட எடம். அதுல நீளமா வாய்க்கா வெட்டித் தண்ணியை வடிச்சு முட்டைகோஸ் போட்டிருந்தான் சடையன். அந்த வாய்க்கா வழியாத்தான் மண்ணு கரைஞ்சு ஆத்துக்கு வந்துது.

"இந்த வாய்க்காலை மூடணும்ணே."

"என் கோஸு?"

"கோஸை வேற எடத்துல வையி. ஆத்தை வேற எடத்துல வைக்க முடியுமா?"

அவன் முறைச்சான். அப்புறம் மம்பட்டியை எடுத்துட்டு வந்தான். கீழூரே ஏறி வந்து கல்லும் மண்ணும் போட்டு வாய்க்காலை அடைச்சுது. போறப்ப பறிச்ச நாத்தை முடி முடியா கட்டி, ஆளுக்கொரு முடியைத் தலையில வச்சுக்கிட்டு எறங்குச்சு. ஒரு முடி வாடல.

எல்லா வருஷமும் நல்லா வந்துச்சான்னு கேக்காத. வரல. மழை கொறஞ்சா ரெண்டு ஊரும் உக்காந்து பேசி, கொறைச்சு நட்டாங்க. தேதி பாக்குறதை விட்டாச்சு. வருஷா வருஷம் பலகைக்குக் கீழ கீழூர்க்காரங்க ஒரு பிடி நெல்லு வெதைச்சு நாத்து விடுவாங்க. அதுக்குத் தாகம்னா மேலூர்ல யாரா இருந்தாலும் எந்திரிச்சுப் போய்ப் பலகையைத் தூக்கணும். இப்ப அதான் முறை.

ம்? ... ஏ குட்டி?

சரி, தூங்கிட்ட. கதையும் கீழ எறங்கிடுச்சு.