ஏரி நெல்லைத் தானம் பண்ணின ராஜா

ஒரு பெரிய ஏரிக்குக் கீழே ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊருக்கு ஒரு ராஜா இருந்தாராம். நல்ல மனசுக்காரர்தான். ஆனா யாராவது "ஆகா, வள்ளல்!"னு சொல்லிட்டா போதும், உருகிப் போயிடுவார்.

அந்த ஊர்ல ராஜா நெல்லு அரண்மனைப் பத்தாயத்துல இருக்கும். ஊரார் அறுப்புக்கு அறுப்பு கொட்டின நெல்லு ஏரிக் களஞ்சியத்துல இருக்கும். மழைக்கு முன்னாடி கரைக்கு மண்ணு சுமக்கிறவங்களுக்குக் கூலி அளக்கத்தான் அந்த நெல்லு. வேற எதுக்கு எவன் திறந்தாலும், அவனே கூடையெடுத்து மண்ணு சுமக்கணும். ராஜாவுமா? ஆமா, ராஜாவுந்தான்! ஏரித் தண்ணியில நின்னு அப்படிச் சத்தியம் பண்ணினாத்தான் தலையில கிரீடமே ஏறும்.

ஒருநாள் ஆடெல்லாம் செத்துப்போன ஒருத்தர் வந்து அழுதார். "ஐயோ பாவம், நம்ம பத்தாயத்தைத் திறங்க"ன்னார் ராஜா. ராஜா குடுத்தா நாமளும் குடுக்கணுமேன்னு மந்திரி பூவலிங்கத்துக்குக் கவலை. "நம்ம பத்தாயம் எதுக்கு மகாராஜா? ஏரி நெல்லு சும்மாதானே கிடக்கு!"ன்னான். அளந்தாங்க. "ஆகா, வள்ளல்!" அப்புறம் ஒரு புலவர் வந்து பாடினார். "நம்ம பத்தாயம் எதுக்கு மகாராஜா?" அளந்தாங்க. அப்புறம் மந்திரியோட மச்சானே வந்தான், தொப்பையைத் தடவிக்கிட்டு. சிரிக்காதீங்க, அவனுக்கும் அளந்தாங்க!

அப்புறம் குயவர் தெருவுல தீப்பிடிச்சு, பொம்மக்கான்னு ஒருத்தியோட வீடு எரிஞ்சுபோச்சு. பிள்ளைகளோட வெட்டவெளியில நின்னா. ராஜாவே தம்பட்டம் அடிச்சுக்கிட்டு மூட்டையோட வந்தார்.

"இது எந்த நெல்லு சாமி?"

"ஏரி நெல்லும்மா."

"அப்ப வேணாம்."

"பசிக்கலையா உனக்கு?"

"பசிக்குது சாமி, பிள்ளைங்க காலையிலேர்ந்து அழுவுது. ஆனா கரை உடைஞ்சா எங்க தெருவே இருக்காதே! உங்க நெல்லைக் குடுங்க, கும்பிட்டு வாங்கிக்கிறேன். இது குடுக்க உங்களுது இல்ல."

"வாயைப் பாரு இவளுக்கு!"ன்னான் மந்திரி.

"மந்திரி ஐயா, உங்க பத்தாயத்துல எலிக்கு மட்டுந்தான் தானமா?"

ஊரே சிரிச்சுது. சிரிப்பு அடங்கல, மேற்கே இடி இடிச்சுது. "கரை கசியுது!"ன்னு கூப்பாடு. ஓடிப்போய்க் களஞ்சியத்தைப் பார்த்தா, வெறுந்தரை! கூலிக்கு ஒரு நெல்மணி இல்ல. எல்லாரும் ராஜாவைப் பார்த்தாங்க. பொம்மக்கா ஒரு கூடையைக் கொண்டாந்து அவர் காலடியில வச்சா.

ராஜாவுக்கு ஏரித் தண்ணியில பண்ணின சத்தியம் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் கிரீடத்தைக் கழட்டினார், கூடையை எடுத்தார். "பூவலிங்கம், காதுல ஓதினவனுக்கும் ஒரு கூடை உண்டு. மச்சானையும் கூப்பிடு!"

மழையில வழுக்கி வழுக்கி விழுந்து மண்ணு சுமந்தாங்க மூணு பேரும். ஊரும் கூடவே சுமந்துச்சு. கரை நின்னுச்சு. கூலி நெல்லு மந்திரி பத்தாயத்துலேர்ந்து அளந்தாங்க, அது தீந்து எலியும் ஊரைவிட்டே ஓடிப்போச்சாம்.

பொம்மக்காவுக்கு ராஜா தன் நெல்லை, தம்பட்டம் இல்லாம, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவ வாங்கி உடனே உலை வச்சா.

தர்மம் பண்ணணும் கண்ணுங்களா, தாராளமா பண்ணணும். ஆனா நம்ம கையிலேர்ந்து பண்ணணும். அவ்வளவுதான், சோறு வெந்துச்சு, பிள்ளைங்க தூங்கிட்டாங்க, நீங்களும் தூங்குங்க.